சாவடிக் கல்லில் பெயர் வெட்டலாமா?

ஏரிக்கரையான்:
வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ச் சாவடியின் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்ததும், ஆள் அனுப்பிய கிராமங்களில் வெள்ளைக்கார அரசு பதித்த கற்களில் ஒன்று. ‘இந்தக் கிராமத்திலிருந்து 41 பேர் 1914–1919 பெரும் போருக்குச் சென்றனர்’ என்று ஆங்கிலத்தில் முதல் வரி. அவர்களில் எத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்பது அடுத்த வரி. அங்கேதான் சிக்கல். வருடா வருடம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தும் சுரண்டியும் அந்த எண் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் போய்விட்டது. பெயர் ஒன்றுகூட இல்லை.

சாவடியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பழைய கல்லைப் புதுச் சுவரில் பதித்து, பக்கத்தில் இறந்தவர்களின் பெயர்களையும் வெட்டி வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். உங்கள் கருத்து என்ன?

கறாரானவன்:
வேண்டாம். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்கு வெள்ளைக்காரனுடைய சண்டையைப் போடப் போனவர்கள். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், துருக்கியரைச் சுடுவதற்கு நமக்கும் அவர்களுக்கும் என்ன வரப்புத் தகராறா இருந்தது? 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் துப்பாக்கியை நீட்டியதும் இதே இந்தியப் படையின் சிப்பாய்கள்தாம். ஊருக்காகச் செத்தவனுக்குத்தான் நடுகல். ஊரை அடக்கி ஆண்டவனுக்காகச் செத்தவனுக்கு எதற்கு? இன்று பெயர் வெட்டுவீர்கள், நாளை மாலை போடுவீர்கள், அடுத்த ஆண்டு ஒலிபெருக்கி கட்டுவீர்கள்.

மைப்படிக்காரன்:
நடுகல் என்ற சொல்லை நீங்களே எடுத்துவிட்டதால் சொல்கிறேன். செங்கம் பக்கத்து நடுகற்கள் பெரும்பாலும் மாட்டு மந்தைச் சண்டையில் செத்தவர்களுக்கானவை. மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று பார்த்துவிட்டு யாரும் கல் நடவில்லை. ஆனால் செத்தவன் பெயரை எழுதினார்கள்.

இன்னொன்று. எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு ஒரு நாயும் அதில் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன், இரண்டு திருடர்களைக் கடித்தது என்று கல் சொல்கிறது. 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குப் பெயர் எழுதியிருக்கிறார்கள். மெசபடோமியாவில் செத்தவர்களுக்காக பிரிட்டன் 1929-இல் திறந்த பஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் கீழே இத்தனை பேர் என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான்.

கறாரானவன்:
நாய் வாதம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிரிட்டன் செய்த அவமதிப்பு. 2021-இல் அவர்களுடைய போர்க்கல்லறை ஆணையமே அறிக்கை வெளியிட்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் முதலான 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. அது போக, குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரே இல்லை, அந்த எண்ணிக்கை 3,50,000 வரை போகலாம் என்றது. மன்னிப்பும் கேட்டார்கள். கடன் அவர்களுடையது. ஊராட்சிப் பணத்தில் நாம் ஏன் அதை அடைக்க வேண்டும்?

தெற்குத்தெரு:
நானும் அதே ஊர்தான். பணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த 41 பேர் எந்தத் தெரு என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே?

‘போர்க்குணம் உள்ள சாதிகள்’ என்று ஒரு கோட்பாட்டை வைத்துக்கொண்டு, சென்னை மாகாணத்து ஆட்களைப் பட்டாளத்தில் குறைத்துக்கொண்டே வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். போர் மூண்டு ஆள் பற்றாக்குறை வந்ததும் குணம் கோத்திரம் எல்லாம் மறந்து போயிற்று. பாலம், பதுங்குகுழி வேலை பார்க்கும் மெட்ராஸ் சாப்பர் பட்டாளத்தில் பறையர்களும் கிறித்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். செருப்புக் காலோடு ஊர்த்தெருவில் நடக்க முடியாதவன் அங்கே பூட்ஸ் போட்டு நடந்தான். கூலிக்குப் போனான் என்கிறீர்கள். பண்ணையில் கிடந்திருந்தால் அதற்குப் பெயர் என்ன? எங்கள் பாட்டனார்கள் சாவடித் திண்ணையில் ஏற முடியாது. அவர்களுடைய கணக்கு மட்டும் சுவரில் ஏறியது.

எங்கள் வீட்டில் ஒரு வெண்கல வட்டு இருக்கிறது. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. ஒரு சிங்கம், கையில் மாலையோடு ஒரு பெண், ஓரத்தில் ஆங்கில எழுத்து. போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு அனுப்பியது. பாட்டி அதை மோர்ச் சொம்புக்கு மூடியாக வைத்திருந்தார். சொம்பின் வாய் பட்ட இடத்தில் வளையமாகத் தேய்ந்திருக்கிறது. அதில் என் பாட்டனாரின் அண்ணன் பெயர் இருக்கிறது என்பதை நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் வாசித்தேன். அதற்கு முன் எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. பெயருக்கு முன்னால் பதவி இல்லை. தளபதிக்கும் சிப்பாய்க்கும் அப்படித்தான் வார்த்தார்களாம். சுற்றிலும் ‘சுதந்திரத்துக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான்’ என்று எழுதியிருக்கிறது.

கறாரானவன்:
சுதந்திரத்துக்காகவா? அடிமை நாட்டுச் சிப்பாயின் வீட்டுக்கு அப்படி எழுதி அனுப்பினார்களா? இதைவிட எனக்குச் சாட்சி வேண்டாம்.

உங்கள் பெரிய பாட்டனாரைக் குறை சொல்லவில்லை, ஐயா. அவர் ஏன் போனார் என்பது இப்போது புரிகிறது. அந்த வட்டில் இருக்கிற பொய்யைத்தான் தமிழில் ‘தியாகி’, ‘வீரமரணம்’ என்று மறுபடி வெட்டப் போகிறார்கள். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

பழைய சாப்பர்:
24 ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தவன் சொல்கிறேன். குழியில் படுத்திருக்கும்போது யாருடைய சாம்ராஜ்யம் என்று யாரும் யோசிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவன் உயிரோடு இருக்கிறானா என்றுதான் பார்ப்போம்.

1914 செப்டம்பர் 22 இரவு ஒரு ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டுவிட்டுப் போனது. இன்றைக்கும் கெட்டிக்காரனைப் பார்த்து ‘சரியான எம்டன்’ என்கிறோம். சுட்டுவிட்டுப் போன கப்பலுக்கு நம் பேச்சில் இடம் இருக்கிறது. அதற்கு ஆறே வாரத்தில் கிழக்கு ஆப்பிரிக்கத் தாங்காவில் பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படை இறங்கியதே, அது எத்தனை பேருக்குத் தெரியும்?

கறாரானவன்:
எனக்குத் தெரியும். சிதறி ஓடிய படை அது.

பழைய சாப்பர்:
ஆமாம், ஓடியது. அனுப்பியவர்கள் திட்டமிட்ட லட்சணம் அப்படி. ஓடும்போது குண்டு பட்டுச் செத்தவனும் செத்தவன்தான், தம்பி.

மலாயாப் பேத்தி:
எல்லோரும் 1914-இலேயே நின்றுவிட்டீர்கள். இரண்டாம் போரில் ஜப்பானியர்கள் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்தப் பாதை போட்டபோது செத்த போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல், வெட்டிவிட்ட புல், கல்லுக்கொரு பூச்செடி. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் காலராவில் செத்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. என் பாட்டியின் இரண்டு தம்பிகள் அதில் அடக்கம். உங்கள் ஊரிலிருந்து கங்காணி பின்னால் கப்பல் ஏறியவர்கள் யாருமே இல்லையா? அவர்கள் பெயரையும் வெட்டுங்கள்.

ஏரிக்கரையான்:
நியாயம்தான், அம்மா. ஆனால் கல்லின் முதல் வரி அந்தப் போருக்குச் சென்றவர்களைப் பற்றியது. இதையும் அதையும் சேர்த்தால் இரண்டுமே மங்கிவிடுமோ என்று தயங்குகிறேன்.

மலாயாப் பேத்தி:
பட்டாளக்காரன் இல்லை என்று சொல்லித்தான் அங்கேயும் விட்டார்கள்.

மைப்படிக்காரன்:
சண்டை நடக்கட்டும், அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். தயவுசெய்து அந்தக் கல்லில் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள். வெறும் தண்ணீரும் தேங்காய் நார் இல்லாத மெல்லிய பிரஷ்ஷும் போதும். கழுவிய கல்லில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்குங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் மைப்பந்தால் ஒற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டும் தாளில் வெள்ளையாக நிற்கும். 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் இடப்பக்கத்து இரண்டு வளைவுகள்தாம்.

பெயர்களுக்குப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும். நம் எழுத்துமுறையில் தேடினால் கிடைக்காது. எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் இருக்கும். ஆறுமுகம் அருமோகமாகியிருப்பார், முனுசாமி மூனிசாமியாகியிருப்பார்.

ஏரிக்கரையான்:
நேற்று மைப்படி எடுத்தோம். இடப்பக்கம் இரண்டு வளைவும் தெளிவாக இருக்கின்றன. 8.

பெயர் இதுவரை இரண்டு. ஒன்று மோர்ச் சொம்பு மூடியில் இருப்பது. இன்னொன்று பட்டியலில் கிடைத்தது. தகப்பன் பெயரும் ஊரும் பொருந்துகின்றன, ஊர்ப் பெயரில் மட்டும் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது. ஆறு பேர் பாக்கி.

கறாரானவன்:
கூட்டத்தில் என் ஊரிலும் இப்படி ஒரு தீர்மானம் வந்தால் எதிர்த்துத்தான் கை தூக்குவேன், அதில் மாற்றம் இல்லை. உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கக்கூடும் என்று இங்கே போடுங்கள். எனக்கு இரவு வேலை, நடுநிசிக்கு மேல் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். தேடிப் பார்க்கிறேன்.

தெற்குத்தெரு:
கல்லை வாசலுக்கு வெளியே மதிலில் பதிக்கப் போவதாக ஒரு பேச்சு அடிபடுகிறது. உள்ளே பதிக்கச் சொல்லுங்கள்.