அங்கோர் வாட் குழுப் பயணம்: இந்த 3 நாள் நிரல் சரிப்படுமா?

நடைவண்டி (கேள்வி):
கம்போடியாவின் சியம் ரீப்பில் 3 நாள், 14 பேர், கூடவே ஒரு வழிகாட்டி. ஏற்பாட்டாளர் கொடுத்த நிரல் இது. முதல் நாள் விடியலில் அங்கோர் வாட், பிறகு பாயோன், தா புரோம் கோயில்கள், மாலையில் புனோம் பாக்கெங் குன்று. இரண்டாம் நாள் பந்தியாய் ஸ்ரீ கோயில். மூன்றாம் நாள் கடைத்தெரு. குழுவில் இருவருக்கு மூட்டுவலி, ஒரு குழந்தைக்கு 10 வயது. நுழைவுச்சீட்டு எங்கள் பொறுப்பு. எந்தச் சீட்டு வாங்குவது, நிரலில் எதை மாற்றச் சொல்வது?

ஓலைச்சுவடி:
சீட்டு மூன்று வகை: 1 நாள் 37 டாலர், 3 நாள் 62, 7 நாள் 72. கோயில் பார்ப்பது இரண்டே நாள் என்றாலும் 3 நாள் சீட்டுதான் லாபம், ஏனென்றால் இரண்டு ஒருநாள் சீட்டுக்கே 74 டாலர் ஆகிவிடும். தொடர்ந்து மூன்று நாள் போக வேண்டும் என்பதில்லை. 10 நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம்.

சீட்டில் அவரவர் படம் இருக்கும். ஒருவர் போய் 14 பேருக்கும் வாங்கி வர முடியாது. எல்லோரும் கவுன்டரில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒவ்வொருவர் படத்தையும் ஏற்றி வாங்க வேண்டும். 12 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை, ஆனால் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். டாலர் நோட்டு கிழிந்தோ கறைபட்டோ இருந்தால் அங்கே வாங்க மாட்டார்கள்.

கல்மலர்:
முதல் நாள் நிரல்தான் பெரிய தவறு. 4 மணிக்கு எழுந்தவர்களுக்கு மதியம் தா புரோமில் எதுவும் மனதில் ஏறாது. அதைவிட, அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். விடியலில் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுவதால் கருநிழல்தான் தெரியும். முகப்பிலும் மேற்குச் சுற்றின் சிற்பங்களிலும் வெளிச்சம் விழுவது பிற்பகலில்.

ஆகவே இப்படி மாற்றச் சொல்லுங்கள். முதல் நாள் காலை, திறந்தவுடன் தா புரோம். நேரம் ஏற ஏற அங்கே வேர் படர்ந்த வாசல்களின் முன் நகரக்கூட இடமிருக்காது. அடுத்து பாயோன். முகக் கோபுரங்களோடு நின்றுவிடாமல் வெளிச்சுற்றுக்கும் நேரம் கேளுங்கள்: அண்டை நாட்டுச் சாம் இனத்தாரின் படையோடு நடந்த படகுப் போர், சந்தை, சேவற்சண்டை எல்லாம் அந்தச் சுவரில்தான். மதிய ஓய்வுக்குப் பிறகு, 2 மணிக்கு மேல் அங்கோர் வாட்.

உள்ளே சிற்பச்சுற்றை வலம் வராமல், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வரச் சொல்லுங்கள். கதைகளின் வரிசை அப்படித்தான். மேற்குச் சுவரின் தென்பாதியில் குருக்ஷேத்திரம், அதில் அம்புப் படுக்கையில் பீஷ்மர். தெற்கில், கோயிலைக் கட்டிய அரசன் இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலம், யமன் தீர்ப்பு. கிழக்கின் தென்பாதியில் பாற்கடல் கடைதல்: 92 அசுரர், 88 தேவர் என்பது வழக்கமான கணக்கு. அதற்கு அடுத்த வடகிழக்கு மூலைச் சிற்பங்கள் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை, வேலைப்பாடு மட்டம். நேரம் குறைவென்றால் அங்கே நிற்காமல், மேற்குச் சுவரின் வடபாதியில் உள்ள இலங்கைப் போருக்கு வந்துவிடலாம். பத்துத் தலை, இருபது கை ராவணனை விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு.

விடியல் காட்சி வேண்டுமென்பவர்கள் மூன்றாம் நாள் தனியாகப் போகட்டும்.

நடைவண்டி:
மூட்டுவலிக்காரர்களும் குழந்தையும் எங்கே ஏறாமல் நிற்க வேண்டியிருக்கும்?

படித்துறை:
அங்கோர் வாட்டின் உச்சித் தளமான பாக்கானில். படி மிகச் செங்குத்து, 12 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லாத சட்டைமேல் சால்வை போர்த்தினால் திருப்பி அனுப்புவார்கள். பௌத்த விரத நாட்களில் அந்தத் தளம் மூடியிருக்கும்: மாதம் நான்கு, அதாவது பௌர்ணமி, அமாவாசை, இரண்டு எட்டாம் பிறை. கம்போடியர்களின் கெமர் நாட்காட்டி ஒருநாள் முன்பின் ஆகலாம் என்பதால் அங்கோர் வாட் நாளை உறுதிசெய்யும் முன் வழிகாட்டியிடம் கேளுங்கள். கீழே சிற்பச்சுற்று சமதளம், ஏறாதவர்கள் அங்கேயே இருக்கலாம்.

புனோம் பாக்கெங்கை விட்டுவிடுங்கள். உச்சியில் ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் இடம். 14 பேரில் பாதி மேலே, பாதி வரிசையில் என்று குழு பிரிந்துவிடும். ஸ்ரா ஸ்ராங் குளக்கரையில் ஏறாமலே மாலை பார்க்கலாம்.

தா புரோமில் மேற்கு வாசலில் இறங்கினால் வண்டியைக் கிழக்கு வாசலுக்கு வரச் சொல்லுங்கள். அங்கோர் வாட்டிலும் அதே முறை. அகழிப் பாலத்தைத் திரும்ப நடந்து கடக்க வேண்டாம். வண்டி வேனாக இருக்கட்டும், பாயோன் இருக்கும் பழைய கோட்டை நகரான அங்கோர் தோமின் தெற்கு வாசல் பெரிய பேருந்துக்குக் குறுகல்.

கல்மலர்:
விட்டுப்போனது ஒன்று. பந்தியாய் ஸ்ரீக்குக் காலையிலேயே கிளம்புங்கள். 967இல் குடமுழுக்கு கண்ட கோயில், கிழக்குப் பார்த்தது, செம்மணற்கல் அந்த வெயிலில்தான் துலங்கும். உருவில் சிறியது, ஆனால் 1 மணி நேரம் போதாது. கயிலையை அசைக்கும் ராவணன், காமதகனம் இரண்டையும் வழிகாட்டிகள் காட்டிவிடுவார்கள். ஆடும் சிவனருகே எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் பெண்ணுருவைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆய்வாளர்கள் அதைக் காரைக்கால் அம்மையார் என்கிறார்கள். கிழக்கு வாசல் முகப்பில் அண்ணாந்து பார்த்தால் தெரியும். வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.