சர்க்கம்லொக்யூஷன்னா திட்டா, இல்ல சும்மா கமெண்ட்டா?

இங்கிலீஷ் நல்லா தெரிஞ்சவங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவ் வேணும்னு மேனேஜருக்கு மெயில் போட்டேன், நேரா கேக்க சங்கடமா இருந்துச்சா, ஊர்ல கோயில் விசேஷம், அம்மா தனியா இருக்காங்க, ட்ரெயின் டிக்கெட் கிடைக்கல அப்படி இப்படினு பதினோரு வரி எழுதி கடைசில லீவுங்கற வார்த்தையே போடல போல. "டூ மச் சர்க்கம்லொக்யூஷன்"னு ஒத்த வரி ரிப்ளை.

தேடிப் பாத்தேன். லத்தீன்ல சர்க்கம்னா சுத்தி, லொக்வினா பேசறதாம். அதாவது நம்ம 'சுத்தி வளைச்சு பேசறது', அதுவரைக்கும் ஓகே.

என் டவுட் இதான். யூஃபெமிசமும் (சொல்லக் கூசற விஷயத்த நாசூக்கா வேற வார்த்தைல சொல்றது) இதுவும் ஒண்ணா? நன்னூல்ல இடக்கரடக்கல், மங்கலம்னு ரெண்டு வருமே, 'கால் கழுவிட்டு வரேன்'ங்கறது, செத்தவரை 'துஞ்சினார்'ங்கறது, அதெல்லாம் யூஃபெமிசம் பக்கம்தான்னு தோணுது, ஏன்னா அங்க வார்த்தை நீளல, பதமா மாறுது அவ்ளோதான். என் மெயில் மாதிரி வளவளனு இழுக்கறதுதான் சர்க்கம்லொக்யூஷனா? அப்புறம் இந்த வார்த்தைய நல்ல அர்த்தத்துலயும் யூஸ் பண்ணுவாங்களா, இல்ல எப்பவும் குத்தலாத்தானா?

லீவ் இன்னும் அப்ரூவ் ஆகல, அது வேற விஷயம்.