யூஎன் அகதி கார்டு உள்ள இலங்கைக் குடும்பத்துக்கு மலேசியாவில் அரசு உதவி கிடைக்குமா?

சுங்கை சிப்புட் வாசி:
எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் முல்லைத்தீவுக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. கணவர் செம்பனைக் குலை வெட்டும் குத்தகைக்காரரிடம் அன்றாடக் கூலிக்குப் போகிறார், ரோட்டில் சோதனை என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு வீட்டோடு இருந்துவிடுவார். போன வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல் முற்றி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். கவுண்டரில் முன்பணம் கேட்டார்கள், யூஎன் கார்டை நீட்டியதும் பாதியாகக் குறைத்தார்கள், அந்தப் பாதியே அவர்கள் வீட்டு வாடகைக்கு மேல். மூத்த பெண்ணைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கவும் முடியவில்லை, அங்கே பிள்ளைகள் குறைந்து வகுப்பறை காலியாகக் கிடக்கிறது. தமிழ்நாட்டு முகாமில் மாதாமாதம் பணம் கொடுக்கிறார்களாமே, நம் அரசாங்கம் ஒன்றுமே செய்யாதா?

பேராக் அக்கா:
தம்பி, மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் இங்கே சட்டத்தில் அகதி என்று ஒரு பிரிவே கிடையாது, குடிநுழைவுச் சட்டப்படி அவர்கள் பெர்மிட் இல்லாத வெளிநாட்டுக்காரர்கள், அவ்வளவுதான். அந்தக் கார்டு யூஎன்எச்சிஆர் என்ற ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுப்பது, அரசாங்கம் கொடுப்பதில்லை. மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி என்பது உண்மையான சலுகைதான், ஆனால் அந்தக் கட்டணமே மலையளவு. மாத உதவித்தொகை, அரசுப் பள்ளி, வேலை பெர்மிட் எதுவும் இல்லை. பெண்ணுக்கு யூஎன்எச்சிஆர் ஆதரவில் நடக்கும் கற்றல் மையம் ஈப்போ பக்கம் இருக்கிறதா என்று அவர்கள் அலுவலகத்திலேயே கேளுங்கள். ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள், பில் கட்ட உதவும் அமைப்புகள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மண்டபம் போனவன்:
தமிழ்நாட்டுக் கணக்கு இது. 2021-இல் ஸ்டாலின் அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்த்தியது. முகாம்களில் புது வீடுகள் கட்டவும் பணம் ஒதுக்கினார்கள். அகதி முகாம் என்ற பெயரையும் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். நல்ல விஷயம்தான், பிள்ளைகள் அரசுப் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கிறார்கள். ஆனால் 1983-க்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இன்னும் குடியுரிமை இல்லை, 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்களைச் சேர்க்கவில்லை. காசு கொடுத்தால் போதுமா, அப்புறம்?

வவுனியா உறவு:
ஊரிலேயே இடம்பெயர்ந்த சனத்தின் கதையையும் பாருங்கோ. 2009-இல் போர் முடிய அரசாங்கம் மூன்று லட்சத்துக்குக் கிட்டத்தட்ட சனத்தை முகாம்களில் அடைச்சவை, பெரும்பாலானோர் வவுனியாப் பக்கம் மெனிக் பாம் முகாமில். சாப்பாடும் கூடாரமும் வந்தது, ஆனால் முள்ளுக்கம்பி தாண்டி வெளியே போக டிசம்பர் வரைக்கும் விடவில்லை. அதையும் நிவாரணம் என்றுதான் சொன்னவை. மெனிக் பாம் மூடினது 2012 செப்டம்பரில். எனக்குத் தெரிந்து உருப்படியாய் நடந்தது இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம். வடக்கு கிழக்கில் வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், தவணை தவணையாய்ச் சொந்த வங்கிக் கணக்கிலேயே விழுந்தது. அத்திவாரம் போட்டு முடிச்சு, அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. என் சித்தி வீட்டில் சீமெந்து விலை ஏறி கூரை ஓட்டுக்குக் காசு போதாமல் நகை அடகு வைச்சவை. ஆனாலும் அது அவையள் தாங்களே நின்று கட்டின வீடு.

பேராக் அக்கா:
இங்கேயும் 2017-இல் மியன்மாரிலிருந்து வந்த 300 ரோஹிங்கியா அகதிகளைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் சட்டப்படி வேலைக்கு எடுக்க ஒரு முன்னோடித் திட்டம் போட்டார்கள், சரியாக ஓடவில்லை. தோட்டங்களில் குலை வெட்ட ஆள் இல்லை என்று முதலாளிகளே புலம்பும்போது, வேலை தெரிந்தவரைச் சோதனைக்குப் பயந்து ஒளிய வைப்பது அநியாயம். நாம் எம்பியிடம் பிடிவாதமாகக் கேட்க வேண்டியது வேலை பெர்மிட்டும் பள்ளிக்கூடமும். அது இருந்தால் அந்த மனிதர் யார் தயவும் இல்லாமல் மருத்துவமனை பில்லைக் கட்டிவிடுவார்.

சுங்கை சிப்புட் வாசி:
நன்றி அக்கா. எம்பி சேவை மையத்துக்குத் தமிழ்ப்பள்ளி பெற்றோர் சங்கத்தாரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கடிதத்தை மலாயில் எழுதித் தர யாராவது இருக்கிறீர்களா?