கைதிக்கு ஆபரேஷன்: டாக்டர்கள், சிஸ்டர்கள் உதவ முடியுமா?

வணக்கம். மருத்துவத் த்ரில்லர் ஒன்று எழுதுகிறேன். எட்டாவது அத்தியாயத்தில் முட்டி நிற்கிறது. புழல் சிறையிலிருந்து வயிற்றில் குத்துக்காயத்தோடு ஒரு கைதியை சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். டியூட்டி டாக்டரின் அண்ணனைக் கொன்றவனே அவன்தான். (சினிமாத்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

குற்றவாளியோ நிரபராதியோ, உயிரைக் காப்பது மருத்துவர் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அவள் மறுக்க முடியாது. ஆனால் கை நடுங்கினால்? வேறு சர்ஜனிடம் ஒப்படைத்துவிட்டு விலகலாமா? நள்ளிரவில் வேறு ஆளே இல்லையென்றால்?

இன்னொன்று, காவலுக்கு வந்த போலீஸ் ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்பாரா, வாசலோடு சரியா? விலங்கு போட்டிருந்தால் அதை யார் கழற்றச் சொல்வது?

அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும். நோயாளி பெயர் விவரமெல்லாம் வேண்டாம், நடைமுறை தெரிந்தால் போதும்.