வாய்க்கால் கட்டில ஓடுற பிள்ளையும் ஏ.எல் சோதினையும்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

வட்டக்கச்சிக்காரன்

தங்கச்சி ஏ.எல் (உயர்தரம்) கலைப்பிரிவு, ரெண்டாம் வருசம். 1500 மீற்றர் ஓடுறவள். காலமை ஐஞ்சு மணிக்கு அவள் வாய்க்கால் கட்டில ஓட, நான் பின்னால மோட்டச்சைக்கிளில லைட்டைப் போட்டுக்கொண்டு போவன். வெளிச்சம் நாய்க்கும் புடையன் பாம்புக்கும். ஆறு மணிக்கு வந்து கிணத்தில ரெண்டு வாளி அள்ளி ஊத்திப்போட்டு, புட்டை வாயில போட்டபடியே பஸ்ஸுக்கு ஓடுவாள். அதையும் பயிற்சிக் கணக்கில சேர்க்கலாம். ஏழரைக்குப் பள்ளிக்கூடம், ஒண்டரைக்கு விட்டா ரியூசன், அது முடிய திரும்பவும் கிறவுண்ட். ராத்திரி புவியியல் கொப்பியில முகத்தை வைச்சு நித்திரையாப் போடுவாள்.

போன வருசம் மாகாணப் போட்டி, யாழ்ப்பாணம் துரையப்பா மைதானத்தில. எங்கட பள்ளிக்கூட மைதானம் 200 மீற்றர் சுத்து, சுண்ணாம்பால கோடு போட்டது. 1500 எண்டா ஏழரைச் சுத்து. கடைசிச் சுத்துக்கு சேர் விசில் ஊதுவார். விசில் கேட்டா இருக்கிற மூச்சையெல்லாம் கொட்டி ஓடவேணும், அது 200 மீற்றர்தானே. துரையப்பாவில சுத்து 400 மீற்றர். மூண்டே முக்கால் சுத்து. கடைசிச் சுத்துக்கு மணி அடிச்சுது. மணியைக் கேட்டதும் இவள் ஊரில பறக்கிறமாதிரிப் பறந்தாள். சனம் கையைத் தட்டுது, நானும் கத்துறன். பாதிச் சுத்தில கால் கட்டிப்போட்டமாதிரி நிண்டுது. ஒவ்வொருத்தரா நாலு பேர் தாண்டிப் போச்சினம். ஐஞ்சாம் இடம். முன்னுக்கு வந்திருந்தா தேசிய மட்டம். பஸ்ஸில கிளிநொச்சி வரைக்கும் ஒரு கதை இல்லை, பரந்தன் தாண்டேக்க மட்டும் “அண்ணா, மணி பிழையான இடத்தில அடிச்சுப் போட்டுது” எண்டாள்.

இப்ப சோதினைக்கு நாலு மாசம். மாகாணப் போட்டி அதுக்கு முதல் வருது. அம்மா ஓட்டத்தை விடச் சொல்லுறா. ரியூசன் சேர், “ஒரு வருசம்தானே, பிறகு ஓடலாம்” எண்டுறார். 20 வயதுக்குட்பட்ட பிரிவில அவளுக்கு இதுதான் கடைசி வருசம். பிறகு எண்டு ஒண்டு இல்லையெண்டு அவருக்கு ஆர் சொல்லுறது? இப்பிடி நிண்டவை, என்ன செய்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. புத்திமதி வேண்டாம், அது வீட்டில நிறையக் கிடக்கு.

அலம்பில் பெடியன்

தம்பி, நான் விட்டது ஓட்டத்தை இல்லை, பள்ளிக்கூடத்தை. ஃபுட்போல். ஓ.எல் (சாதாரண தரம்) வருசம் கொழும்பில ஒரு கழகம் வரச் சொல்லிச்சுது. ஐயா கரைவலையில இருந்தபடியே “போடா” எண்டார். அறையும் சாப்பாடும் தந்தினம், சம்பளம் “அடுத்த மாசம்” எண்டுகொண்டே ஒரு சீசன் போச்சுது. முழங்கால் ஜவ்வு கிழிஞ்ச அண்டைக்கு பிறகு அந்த மனேச்சர் ஃபோனே எடுக்கேல்லை. ஸ்கானுக்கு ஐயா வலை ஒண்டை வித்தார்.

22 வயசில, அக்காவிட மகளின்ர கணிதப் புத்தகத்தை வாங்கிப் படிச்சு, ஓ.எல்லைப் பிறைவேற்றா எடுத்தன். சோதினை மண்டபத்தில பக்கத்துக் கதிரைப் பிள்ளை என்னை சுப்பவைசர் எண்டு நினைச்சு எழும்பி நிண்டுது. இப்ப மீனவர் சங்கத்தில கணக்கு எழுதுறன். பின்னேரம் கடற்கரையில சின்னப் பெடியளுக்குப் பந்து காட்டிக் குடுக்கிறன். ரிப்போட் காட் கொண்டு வராதவனுக்குப் பந்து இல்லை. அவங்கள் என்னைப் பேசுறாங்கள், பேசட்டும்.

ஓய்வுபெற்ற பீ.ரீ. மாஸ்டர், மல்லாவி

தம்பி, புத்திமதி சொல்லவில்லை, வழியைச் சொல்கிறேன். உயர்தரத்துக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். போட்டிக்குப் போகும் நாள்களுக்கு அதிபரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து, வரவுப் பதிவில் அது எப்படிப் பதியப்படுகிறது என்று உங்கள் கண்ணாலே பார்த்து வையுங்கள். “பிறகு பார்ப்பம்” என்ற பேச்சை நம்பி இறுதி நேரத்தில் அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது பல்கலைக்கழகம். தேசிய மட்டத்தில் திறமை காட்டிய பிள்ளைகளைச் சிறப்பு ஏற்பாட்டில் எடுப்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி போதாதவர்களுக்கு அது ஒரு கதவு. ஆனால் மூன்று பாடத்திலும் சித்தியும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் இருந்தால்தான் உங்கள் பதக்கத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே தங்கச்சி மூன்று ஏ எடுக்க வேண்டியதில்லை, மூன்றிலும் விழாமல் இருந்தால் போதும். இந்தக் கணக்கை அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கள். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியிலேயே பட்டம் இருக்கிறது.

சான்றிதழைப் பற்றி ஒரு கதை. சமாதான காலத்தில் என்னிடம் முப்பாய்ச்சல் பாய்ந்த பெடியன் ஒருவன். மாகாணத்தில் இரண்டு தரம் முதலிடம். 2008இல் இடம்பெயரும்போது தாய் எல்லாப் பத்திரங்களையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கட்டினார். எத்தனை இடம் மாறினார்களோ, எல்லா இடத்துக்கும் அந்தப் பை போனது. ஒரு மழைக்குப் பங்கருக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே இருந்த பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் தப்பின. அடியில் இருந்த விளையாட்டுச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக்கட்டு மாதிரி ஆகிவிட்டன. 2010இல் அந்தக் கட்டை அப்படியே என்னிடம் கொண்டு வந்தான். ஓரத்தைக் கிளப்பினேன், மை என் விரலில் வந்தது. கல்வியியற் கல்லூரி நேர்முகத்துக்கு மூலப்பிரதி கேட்டார்கள். பிரதி எடுக்க அலுவலகத்துக்குப் போனோம், பதிவேடும் போய்விட்டது. நான் எழுதிக் கொடுத்த கடிதத்தை அந்த அதிகாரி வாசித்துவிட்டு மரியாதையாகத் திருப்பித் தந்தார். இன்று அவன் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். டியூப் ஒட்டும்போதுகூடக் காலால் தாளம் போட்டு எண்ணுவான். ஒன்று, இரண்டு, பாய். தம்பி, சான்றிதழ் கிடைத்த அன்றே ஃபோனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்தில் இருந்து போய் அவுஸ்திரேலியக் கழகத்துக்கு வலைப்பந்து ஆடினார். யாழ் மத்திய கல்லூரிப் பெடியன் வியாஸ்காந்த் கிரிக்கெட்டில் 2020இல் இலங்கையின் எல்.பி.எல், 2024இல் இந்தியாவின் ஐ.பி.எல். அவர்களைப் பார்க்க நெஞ்சு நிமிரும். அதற்குப் பிறகு எங்கள் ஊர் ஒழுங்கையெல்லாம் லெக் ஸ்பின்தான், அது வேறு கதை. ஆனால் ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் அப்படிச் சம்பளம் தரும் கழகம் இந்த நாட்டில் எது? பெரும்பாலும் படைகளும் பொலிசும்தான்.

புதுக்குடியிருப்பு அம்மா

மாஸ்டர் கடைசியா எழுதினதால நானும் எழுதுறன். என்ர மகன் ஈட்டி எறியிறவன். தேசியப் போட்டிக்கு தியகமைக்குப் போன இடத்தில ஒருத்தர் வந்து, “எங்கட ரீமுக்கு வாறீரா? வேலை, சம்பளம், சாப்பாடு, கோச், எல்லாம் இருக்கு” எண்டு ஓரளவு தமிழில கேட்டவராம். எந்த ரீம் எண்டு இவன் கேட்டிருக்கிறான். ஆமி. அந்த மனிசன் நல்ல மாதிரித்தான் கதைச்சவர், தண்ணிப் போத்தலும் வாங்கிக் குடுத்தவர். பொய் சொல்லக் கூடாது.

வீட்ட வந்து சொன்னான். நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. சுவரில என்ர தம்பியிட படம் தொங்குது. 2009க்குப் பிறகு நாங்கள் தேடிக்கொண்டிருக்கிற தம்பி. மகன் சாப்பிட்டு முடிய, கையைக் கழுவிப்போட்டு வந்து அந்தப் படத்தின்ர தூசியைத் துடைச்சான். பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. எனக்கு விளங்கீற்றுது. ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. அவன்ர எதிர்காலத்தை நான் மறிச்சுப் போட்டனோ எண்டு இண்டைக்கும் யோசினைதான். ஏ.எல் எடுத்திட்டு இப்ப மேசன் வேலைக்குப் போறான். ஈட்டி கூரைக் கிடுகுக்க சொருகிக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமையில எடுத்து எண்ணெய் பூசி வைப்பான்.

வட்டக்கச்சிக்காரன்

அம்மா, உங்களுக்கு என்ன எழுதிறதெண்டே தெரியேல்லை. வாசிச்சனான்.

மாஸ்டர், நீங்கள் சொன்ன கணக்கை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். “மூண்டிலயும் விழாமல் இருந்தாப் போதுமோ?” எண்டு ரெண்டு தரம் கேட்டா. ஓம் எண்டும் சொல்லேல்லை, ஆனா முட்டை ரெண்டு கூட அவிச்சா. கடிதமும் குடுத்தாச்சு. தங்கச்சி புவியியல் பாடத்தைத் தானே வாசிச்சு ஃபோனில பதிஞ்சு வைச்சிருக்கிறாள், மெதுவா ஓடுற நாளில காதில போட்டுக்கொண்டு ஓட. மூச்சு வாங்கிக்கொண்டு “பருவக்காற்று” எண்டு அவள் முணுமுணுக்க எனக்குச் சிரிப்பு.

மற்றது அந்த மணி. ஐயாவிட பழைய சைக்கிள் பெல்லைக் கழட்டி வைச்சிருக்கிறன். முடியிற இடத்துக்கு 400 மீற்றருக்கு முன்னால நிண்டு அடிப்பன். அங்கயிருந்து 200 மீற்றர் தள்ளி ஒரு மருதமரம், அதில துணி கட்டியிருக்கு. முதல் மூண்டு நாளும் மணிச் சத்தத்துக்கே பறந்துபோய் மரத்தடியில நிண்டு இளைச்சாள். இண்டைக்குக் காலமையும் அடிச்சனான். திரும்பியும் பாக்கேல்லை. மரம் வரைக்கும் அதே வேகம், அதே காலடிச் சத்தம். துணியைத் தாண்டினாப் பிறகுதான் மோட்டச்சைக்கிள் வெளிச்சத்தை விட்டு வெளியால போனாள்.