பி0121 குறியீடு: த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

குளச்சல் வாசகர் (கேள்வி):

வணக்கம். என்னுடையது ஆக்சிலேட்டர் கேபிளில் இயங்கும் பழைய பெட்ரோல் கார். திங்கள்சந்தை வழியாக நாகர்கோவிலுக்கு ஒரே வேகத்தில் செல்லும்போது, ஆக்சிலேட்டரை இலேசாக மிதித்துப் பிடித்திருக்கும் அந்த ஒரு நிலையில் மட்டும் வண்டி வெட்டி வெட்டி ஓடுகிறது. இன்னும் சற்று அழுத்தினால் சரியாகிவிடுகிறது. மார்த்தாண்டம் நெரிசலில் சில வேளைகளில் காலை எடுத்தவுடன் என்ஜின் அணைந்தும் போகிறது. செக் என்ஜின் விளக்கு எரிந்ததால் ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் பி0121 வந்தது. வொர்க்‌ஷாப்பில் உடனே த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிய பிறகும் குறை நீடித்தால் என்ன செய்வது என்ற கவலை இருக்கிறது. மல்டிமீட்டரைக் கையாள எனக்குத் தெரியும். சென்சார்தான் பழுது என்பதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள இயலுமா?

மார்த்தாண்டம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

இயலும் ஐயா. சோதிக்காமல் சென்சார் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. என்ஜினுக்குக் காற்று செல்லும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று த்ராட்டில் சென்சார் சொல்லும் அளவும், காற்றழுத்த சென்சார் போன்ற பிறவற்றை வைத்து இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எதிர்பார்க்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் பி0121 தெரிவிக்கிறது. அதற்குக் காரணம் சென்சாராகவும் இருக்கலாம், வயராகவும் இருக்கலாம், கனெக்டராகவும் இருக்கலாம். பி0122 வந்தால் சிக்னல் மிகவும் தாழ்ந்துவிட்டது என்றும், பி0123 வந்தால் மிகவும் உயர்ந்துவிட்டது என்றும் பொருள். எந்தக் குறியீடும் இன்ன பாகத்தைக் கழற்றி எறி என்று சொல்வதில்லை.

முதலில் கனெக்டரைக் கழற்றிப் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டுப் பின்களில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதை அடிக்கடி காண்கிறேன். அது இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்த பிறகே அளக்க வேண்டும். உங்கள் வகை சென்சாரில் பெரும்பாலும் மூன்று வயர்கள் இருக்கும்: இசியுவிலிருந்து வரும் 5 வோல்ட், எர்த், சிக்னல். கனெக்டரை மாட்டி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, மெல்லிய ஊசியைக் கனெக்டரின் பின்புறமாகச் செருகி அளவெடுங்கள். வயரின் ரப்பரைக் குத்தித் துளையிட்டால், அந்தத் துளை வழியாக ஈரமும் உப்பும் இறங்கி, அடுத்த மழைக்காலத்தில் வயர் உள்ளேயே அரித்துப்போகும்.

5 வோல்ட் வயரில் ஏறக்குறைய 5 வோல்ட் வர வேண்டும். வரவில்லை என்றால் சென்சாரைக் குற்றம் சொல்ல முடியாது. பல வண்டிகளில் அதே 5 வோல்ட் காற்றழுத்த சென்சாருக்கும் செல்வதால், அங்கே ஷார்ட் ஆனாலும் இங்கே குறையும். எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இவை இரண்டும் சரியாக இருந்தால் சிக்னல் வயருக்கு வாருங்கள். த்ராட்டில் மூடிய நிலையில் பெரும்பாலான வண்டிகளில் 0.5 முதல் 0.9 வோல்ட் வரையிலும், முழுவதும் திறந்த நிலையில் 4 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும். உங்கள் மாடலுக்குரிய சரியான அளவைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த இரு முனை அளவுகளைவிட நடுவில் நடப்பதே முக்கியம். ஒருவர் உள்ளே அமர்ந்து ஆக்சிலேட்டரை மிக மெதுவாக மிதிக்க, மற்றவர் மீட்டரைக் கவனிக்க வேண்டும். டிஜிட்டல் மீட்டரில் எண் மாறுவதற்குள் நொடிப்பொழுதுத் தடங்கல் கண்ணில் படாமல் போய்விடும் என்பதால் முள் மீட்டரே இதற்கு ஏற்றது. நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், சென்சாருக்குள் சிக்னல் எடுக்கும் முனை உரசி நகரும் கார்பன் தடம், கால் வழக்கமாக நிற்கும் அந்தச் சிறிய திறப்பு நிலையில் தேய்ந்திருக்கலாம் என்றே எண்ணுகிறேன். ஃபியூயல் பம்ப் பலவீனமாக இருந்தால், குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை நோக்கி ஏறும்போது அழுத்தி மிதித்த நிலையில்தான் வண்டி இழுக்காமல் திணறும். உங்களுக்கோ அழுத்தினால் சரியாகிறது.

குளச்சல் வாசகர்:

மிக்க நன்றி அண்ணா. பின்களில் சிறிது களிம்பு இருந்தது, சுத்தம் செய்துவிட்டேன். 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக உள்ளன. சிக்னல் 0.6 வோல்ட்டிலிருந்து சீராக ஏறி, 1.1 வோல்ட்டைத் தொட்டவுடன் முள் சட்டென்று கீழே விழுந்து மீண்டும் எழுகிறது. எத்தனை முறை மிதித்தாலும் அதே இடத்தில்தான் விழுகிறது. இது சிக்னல் வயரின் குறையாக இருக்க வாய்ப்பு உண்டா?

மார்த்தாண்டம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

வயராக இருந்தால் வயரை அசைக்கும்போது விழும். மிதியின் ஒரே இடத்தில் விழாது. ஐயம் தீர, சாவியை ஆஃப் செய்து கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் சிக்னல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே ஓம் அளவை வைத்து, த்ராட்டிலை மெதுவாகத் திறந்து பாருங்கள். அதே இடத்தில் முள் துள்ளினால் பழுது சென்சாருக்குள்தான், தயங்காமல் மாற்றலாம். புதியதன் ஸ்குரூத் துளைகள் நீண்டிருந்தால், த்ராட்டில் மூடிய நிலையில் கையேடு சொல்லும் வோல்ட்டுக்கு வருமாறு திருப்பி வைத்த பிறகே இறுக்க வேண்டும்.

தக்கலை வாசகர்:

கேபிள் இல்லாத புதிய வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அவற்றில் த்ராட்டில் வால்வை ஒரு மோட்டார்தான் திறந்து மூடும், அந்த வால்வு இருக்கும் கூடான த்ராட்டில் பாடிக்குள்ளேயே இரண்டு சென்சார்கள் இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் பி2135 வந்து, இசியு வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும். அந்த வகையில் பெரும்பாலும் சென்சார் தனியாகக் கிடைக்காது, த்ராட்டில் பாடியையே மாற்ற நேரிடும். ஆகவே கனெக்டரையும் வயர்களையும் இன்னும் பொறுமையாகச் சோதியுங்கள். சாவி ஆன் நிலையில் இருக்கும்போது வால்வைக் கையால் தள்ளவே கூடாது. மோட்டார் திடீரென்று மூடினால் விரல் நசுங்கும்.

குளச்சல் வாசகர்:

ஓம் அளவிலும் அதே இடத்தில் முள் துள்ளியது. சென்சார் வாங்க நாளை நாகர்கோவில் செல்கிறேன். மாற்றிய பிறகு பழைய குறியீட்டை ஸ்கேனரில் அழிக்க வேண்டுமா?

மார்த்தாண்டம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

அழித்துவிடுங்கள் ஐயா. அத்துடன் த்ராட்டில் பாடியின் உட்புறக் கரியையும் சுத்தம் செய்யுங்கள். காலை எடுத்தவுடன் என்ஜின் அணைவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஐட்லிங்கை (காலை எடுத்த நிலையில் என்ஜின் ஓடும் வேகத்தை) இசியுவுக்கு மறுபடியும் பழக்கும் முறை உங்கள் மாடலுக்கு இருந்தால், கையேட்டில் உள்ளபடி அதையும் செய்துவிட்டு, முன்பு வெட்டிய அதே வேகத்தில் திங்கள்சந்தை சாலையில் ஓட்டிப் பாருங்கள்.