ஆண்டிப்பட்டி கணவாய்ல ஸ்கார்பியோ மூச்சு வாங்குது, ரீமேப் போடலாமா?

உசிலைக்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். வண்டி 2015 ஸ்கார்பியோ, எம்-ஹாக் 2.2 லிட்டர் டீசல் இன்ஜின், பிஎஸ்4 புகை விதிப்படி வந்தது. 1,62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. போன வாரம் வீட்டு ஆளுகளை ஏத்திக்கிட்டு வீரபாண்டி திருவிழாவுக்குப் போனேன். வழக்கமா நாலாவது கியர்லயே ஏறிடுற கணவாய் ஏத்தத்துல மூணுக்கு வந்து, அப்புறம் ரெண்டுக்கும் வந்துட்டேன். அழுத்தினா பின்னாடி கருகருன்னு புகை. 1,800 ஆர்பிஎம் தாண்டுனதும் முதுகுல தள்ளுமே, அது சுத்தமா இல்லை. மைலேஜ் 13ல இருந்து 10க்கு வந்துருச்சு. "மினி பஸ்லயே வந்திருக்கலாம் மாப்ளே"ன்னு மாமியார் சொல்லிட்டாங்க.

செக் லைட் எதுவும் எரியலை. மதுரையில ஒரு கடையில கேட்டா, இன்ஜின் கம்ப்யூட்டர் கணக்கை மாத்தி எழுதுற ரீமேப் போட்டா 120 குதிரைத்திறன் 150 ஆகும், 24,000 ரூபாய்ங்கிறாக. ஃப்ரெண்டு ஒருத்தன் ஆன்லைன்ல ட்யூனிங் பாக்ஸ் வாங்கு, 6,000 ரூபாதான்ங்கிறான். எது போடலாம்?

பைபாஸ் பறவை:
ரீமேப் போடுங்க ப்ரோ, யோசிக்கவே யோசிக்காதீங்க. கூடவே காத்தை அதிகமா இழுக்குற கோன் ஃபில்டரும் மாட்டிருங்க. ரிங் ரோட்டுல பறக்கும்.

டீசல் பெரியப்பா:
தம்பி பறவை, கொஞ்சம் பொறு. உசிலைத் தம்பி, ரெண்டையும் போடாத. உன் வண்டிக்கு பவர் பத்தாம இல்லை. இருக்குற பவர் எங்கயோ ஒழுகுது.

டீசல் இன்ஜினுக்குக் காத்து எப்பவும் தேவைக்கு மேலயே போகணும். எவ்வளவு இழுக்கணும்ங்கிறதை முடிவு பண்றது உள்ள பீச்சுற டீசல். காத்து குறைஞ்சா அந்த டீசல் முழுசா எரியாம கரியா வெளிய வரும். நீ பார்த்த கரும்புகை அதுதான். டீசல் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் இழுவை போகும், ஆனா கரும்புகை வராது. அதனால நான் அந்தப் பக்கமே போகமாட்டேன், காத்துப் பக்கம் பார்ப்பேன்.

ரீமேப்ன்னா என்ன? டீசல் அளவு, ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம்), காத்தை அமுக்கி உள்ள தள்ளுற டர்போ கொடுக்க வேண்டிய பூஸ்ட் (அந்தக் காத்தழுத்தம்), டார்க் (இழுவை) வரம்பு, இதெல்லாம் இசியுங்கிற இன்ஜின் கம்ப்யூட்டருக்குள்ள எழுதியிருக்குற கணக்கு. அதை மாத்தி எழுதுறதுதான். மலிவான பாக்ஸ் அந்தக் கணக்கையே தொடாது. ரெயில் பிரஷர் கம்மியா இருக்குன்னு இசியுகிட்ட பொய் சொல்லும், அதுவும் நம்பி பிரஷரை ஏத்தி விட்டுரும். காத்து ஒழுகுற வண்டியில இன்னும் டீசலை ஊத்துனா புகையும் கூடும், சைலன்சர் பக்கத்துச் சூடும் கூடும். அந்தச் சூடு டர்போவையும் பிஸ்டன் தலையையும்தான் தின்னும். நம்மூரு சித்திரை வெயில்ல உள்ள போற காத்தே கொதிச்சுத்தான் போகுது, அதையும் மனசுல வச்சுக்க.

இப்ப ஒரு கேள்வி. இந்த நோவு வர்றதுக்கு முன்னாடி வண்டியில கடைசியா யாரு கை வச்சா, எதுக்கு?

உசிலைக்காரன்:
பங்குனிக் கடைசியில ரேடியேட்டரைக் கழட்டி அடைப்பு எடுத்தோம் பெரியப்பா. வேற ஒண்ணும் இல்லை.

டீசல் பெரியப்பா:
அப்பிடிச் சொல்லு. ரேடியேட்டரைக் கழட்ட வந்தவன், டர்போ காத்தை ஆற வைக்கிற இன்டர்கூலரோட ஓஸையும் கழட்டியிருப்பான். டர்போவுல இருந்து இன்டர்கூலருக்கு, அங்கருந்து இன்ஜினுக்குப் போற ரெண்டு ஓஸையும் கீழ்ப்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாரு. உள்ள லேசா எண்ணெய்ப் பிசுக்கு எப்பவும் இருக்கும். வெளிய ஒரே இடத்துல மட்டும் ஈரமா, தூசி அப்பி இருந்தா அங்கதான் ஓட்டை. நின்ன இடத்துல ரேஸ் பண்ணிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஐட்லிங்ல அந்த ஓட்டை வாயை மூடிக்கிட்டு இருக்கும், லோடுல பூஸ்ட் ஏறும்போதுதான் திறக்கும். காத்தடிச்சு சோப்புத் தண்ணி ஊத்திப் பார்க்கணும்னா ரெகுலேட்டர் இருக்குற கம்ப்ரசர்ல ஒரு பார் பிரஷருக்குக் கீழ வை. டயருக்கு அடிக்கிற பிரஷரை அப்பிடியே விட்டா நல்லா இருக்குற ஓஸும் பிய்ஞ்சுரும்.

ஓஸ் நல்லா இருந்தா அடுத்து இஜிஆர், அதாவது புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வு. கரி பிடிச்சுத் திறந்தபடி மாட்டிக்கிட்டாலும் இதே புகை, இதே மந்தம்தான் வரும்.

வைகைக்கரை:
ஸ்கேனர் இருக்குற ஆளைப் பக்கத்துல உக்கார வச்சு ஏத்தத்துல ஓட்டுங்க. இசியு கேட்குற பூஸ்ட், உண்மையில வர்ற பூஸ்ட் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா பாதி விஷயம் தெரிஞ்சுரும். சாவியைப் போட்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம பார்த்தா, உள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்குற மேப் சென்சார் ஒரு பார் கிட்ட காட்டணும். இல்லைன்னா சென்சாரே கரி மூடிக் கிடக்கலாம்.

பைபாஸ் பறவை:
சரி பெரியப்பா, நானும் உண்மையைச் சொல்லிர்றேன். என் வண்டிக்கு ரீமேப் போட்டது முதல் மாசம் சொர்க்கமா இருந்துச்சு. ரெண்டாவது மாசம் நாலாவது கியர்ல அழுத்துனா ஆர்பிஎம் மட்டும் ஏறுது, வண்டி போகலை. கிளட்ச் போச்சு. பழையபடி ஆக்கலாம்னு போட்ட கடைக்குப் போனா, கம்பெனி எழுதியிருந்த ஒரிஜினல் ஃபைலை எடுத்தே வைக்கலையாம். கடைப் பேரு வேணாம், விடுங்க.

உசிலைக்காரன்:
கண்டுபிடிச்சாச்சு!! இன்டர்கூலர்ல இருந்து இன்ஜினுக்கு வர்ற ஓஸ். கிளாம்பைக் கோணலா ஏத்தி முறுக்கி வச்சிருக்காக. அதோட விளிம்பு ரப்பரை வெட்டி, அடிப்பக்கமா ரெண்டு விரல் அகலத்துக்குக் கீறல். மேல இருந்து பார்த்தா புது ஓஸ் மாதிரி இருக்கு. ஸ்கேனர்ல 2.1 பார் கேட்குது, 1.3தான் வந்துச்சு. ஓஸ் மாத்துனதும் 2.0 தாண்டிருச்சு. நேத்து அதே ஏழு பேரோட கணவாய் ஏறுனேன், நாலாவதுலயே போயிருச்சு. மாமியார் தூங்கிட்டாங்க, பார்க்கலை.

இப்பவும் ரீமேப் ஆசை இருக்கு பெரியப்பா. திட்டாதீங்க.

டீசல் பெரியப்பா:
எதுக்குத் திட்டப் போறேன்? ஆசைப்படுற வயசு. முதல்ல ஐட்லிங்ல ஆயில் மூடியைத் திறந்து பாரு. புகை குபுகுபுன்னு தள்ளுனா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு, ரீமேப் பேச்சையே விட்டுரு. அது நல்லா இருந்து, இன்ஜெக்டர் டெஸ்ட்டும் சரியா வந்து, கிளட்சும் புதுசா இருந்தா, லேசா 10-15 சதவீதம் ஏத்துறவனாப் பாரு. 150 எல்லாம் வேணாம். ஒரிஜினல் ஃபைலை உன் பென்டிரைவ்ல வாங்கிட்டுத்தான் காசைக் கொடு. இன்னொண்ணு, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சும்மா கிடக்குதுன்னு நினைக்காத. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரத்துல இருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரன் அதைத்தான் முதல்ல தோண்டுவான்.

ஏத்தம் ஏறி இறங்குனதும் டக்குன்னு சாவியைத் திருப்பாத. ஒரு நிமிஷம் ஐட்லிங்ல விடு. டர்போ ஆறணும்.

வைகைக்கரை:
தம்பி, அந்தக் கிளாம்ப் அளவு என்ன போட்டீங்க? எனக்கும் ரேடியேட்டரைக் கழட்டுன வண்டிதான். இப்பதான் போய்த் தடவிப் பார்த்தேன், கையெல்லாம் எண்ணெய்.